சாந்தம்மா பெயரில் ஒரு பூனை

தளி
8.12.2024

சுகுணா அவர்களுக்கு,

என் பெயர் மணிவேல். போன மாதம் பத்தொன்பதாம் தேதி காலையில், ராயக்கோட்டை ரோட்டில் உங்கள் அம்மாவின் மொபெட்டை இடித்த கம்பெனி வேனை ஓட்டியவன் நான்தான். இதைப் படித்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன்னால் இன்னும் நாலு வரி மட்டும் படியுங்கள்.

அம்மாவின் வண்டியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. அதற்குள் ஒரு பூனை. இடித்த வேகத்தில் கூடை ரோட்டைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தது. பூனை கத்தியது. ஆம்புலன்ஸ் வந்தபோதும் கத்தியது, போலீஸ் என்னை ஜீப்பில் ஏற்றும்போதும் கத்திக்கொண்டிருந்தது. எஃப்.ஐ.ஆர். நகலில் வேன் இருக்கிறது, மொபெட் இருக்கிறது, உடைந்த லைட்டுகூட இருக்கிறது. பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அது பிழைத்ததா?

ஜாமீனில் வெளியே இருக்கிறேன். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மனைவி ஊரான தளியில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு கட்டுகிற வேலை. உங்கள் வீட்டோடு பேசவே கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. விலாசத்தை அந்த நகலில் இருந்துதான் எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. அதனால் பூனையை மட்டும் கேட்கிறேன்.

மணிவேல்

•

உத்தனப்பள்ளி
17.12.2024

மணிவேல் என்பவருக்கு,

கிழிக்கத்தான் போனேன். பாதி கிழிந்தும் விட்டது.

விலாசம் கிடைத்தவருக்கு என் போன் நம்பரும் கிடைத்திருக்கும். போன் செய்துவிடாதீர்கள். உங்கள் குரல் என் காதில் விழக் கூடாது. எழுதுவதென்றால் எழுதுங்கள்.

பூனை உயிரோடு இருக்கிறது. ராயக்கோட்டையில் இருந்து தக்காளி லோடு கொண்டுபோன கௌஸ் மொய்தீன் பாய் அன்று டெம்போவை நிறுத்தி அம்மாவுக்கு வாயில் தண்ணீர் விட்டாரே, அவர்தான் கூடையை எடுத்துக்கொண்டு ஓசூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள், வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, கூடையோடு வாசலில் வந்து நின்றார். எனக்கு அந்தக் கூடையை வாங்கக் கை வரவில்லை. அத்தைதான் வாங்கினாள்.

அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அங்கே ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து வந்தாள். இரண்டு கண்ணும் சீழ் கட்டி ஒட்டியிருந்தது. வாய்க்குள் புண். மூச்சு விட்டால் கர் கர் என்று சத்தம். இப்போது உங்கள் புண்ணியத்தில் இடுப்பெலும்பிலும் விரிசல். இரண்டு மாதம் அசையாமல் கூண்டில் இருக்க வேண்டும், அதற்குள் சாப்பிடத் தொடங்கினால்தான் பிழைக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கிறேன். பாசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அது இல்லாவிட்டால் அம்மா அன்று வீட்டில் இருந்திருப்பாள்.

இதை எழுதக் கூடாது என்று மூன்று நாள் நினைத்தேன். ஆனால் வேறு யாரிடமும் கேட்க முடியாது.

அன்று நான் நைட் ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்து படுத்தேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். "ஏ சுகுணா, எந்திரிம்மா, ஊசி போட்டுட்டு வந்துரலாம், கூட வாம்மா." முந்தின நாள்தான் அந்தப் பூனையால் பெரிய சண்டை. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

பாய் வந்தபோது அம்மாவுக்கு நினைவு இல்லையாம். அதற்கு முன்னால் பக்கத்தில் இருந்தது நீங்கள் ஒருவர்தான் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

அம்மா ஏதாவது சொன்னாளா? கோபமாக ஏதாவது சொல்லியிருந்தாலும் எழுதுங்கள்.

சுகுணா

•

தளி
23.12.2024

சுகுணா அவர்களுக்கு,

பூனை பிழைத்திருக்கிறது என்று என் மனைவி அருணாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று இருவரும் சாப்பிட்டோம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், நான் பக்கத்தில்தான் இருந்தேன். பாய் வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று நிமிஷம் அம்மாவுக்கு நினைவு இருந்தது. கோபமே இல்லை. "எம் பொண்ணு நைட் ஷிப்டு முடிச்சு இப்பத்தான் படுத்தா, அவள எழுப்பிராதீங்க" என்றார். அப்புறம் கூடைப் பக்கம் பார்த்து, "அந்தப் பூனைய மட்டும் அவகிட்ட சேத்துருங்க, அவ பாத்துக்குவா" என்றார். அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வலி தெரிந்த மாதிரி இல்லை.

நீங்கள் அன்று எழுந்து வராததை அம்மா பெரிதாக நினைக்கவில்லை. அதை மனதில் வைத்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள்.

மணிவேல்

•

உத்தனப்பள்ளி
27.1.2025

மணிவேல் அவர்களுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். அதுவரை நான் அழவே இல்லை என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். அழுது முடித்துப் படுத்தவள் மறுநாள் விடிந்துதான் எழுந்தேன். நவம்பருக்குப் பிறகு நான் தூங்கிய முதல் தூக்கம் அது.

எழுந்ததும் பூனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் மருந்தையும் கொஞ்சம் பாலையும் வாயில் ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். அன்றுதான் அதன் எடை எவ்வளவு குறைவு என்று கைக்குத் தெரிந்தது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ நூறு கிராம். பெரிய பூனை அது, குட்டி இல்லை.

இரண்டு வாரம் லீவு கேட்டேன். "வீட்ல யாருக்கும்மா முடியல?" என்று சூப்பர்வைசர் கேட்டார். பூனைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "சின்னப் பிள்ளைக்கு சார்" என்றேன்.

கோழி ஈரலை வேகவைத்து மிக்ஸியில் கூழாக அடித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஐந்து மில்லி விட்டால் மூன்று மில்லி என் நைட்டியில் இருக்கும். மூக்கு அடைத்திருந்தால் வாசனை தெரியாதாம், வாசனை தெரியாவிட்டால் பூனை எதையும் தின்னாதாம். அதனால் பாத்ரூமில் பக்கெட் நிறைய வெந்நீர் பிடித்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதை மடியில் போட்டபடி ஆவியில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் என் கையைக் கீறி எடுத்துவிட்டது. நாலாம் நாள் என் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. கூண்டு என்று நான் எழுதினேனே, அது பாய் கொடுத்த இரண்டு தக்காளி கிரேட்தான். ஒன்றன்மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறோம்.

ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது. விபத்துக்கு முந்தின வாரம் அவள் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள், சீட்டு கூடையிலேயே இருந்ததால் அதிலேயே தொடர்ந்து எழுதிவிட்டார்கள். நம் முறை வந்தால் உள்ளே இருந்து ஒரு ஆள் வந்து "சாந்தம்மா!" என்று கூப்பிடுவார். முதல் தடவை நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாடும் ஒரு ஆடும் எனக்கு முன்னால் போய்விட்டன. விஷயம் தெரிந்து, பெயரை மாற்றி எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பெயரை யாரோ சத்தமாகக் கூப்பிடுகிறார்கள்.

எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லை. அன்று மத்தியானம் ஈரலை வேகவைத்துத் தட்டில் ஆற வைத்துவிட்டுத் திரும்பினால், பூனை கிரேட்டின் ஓட்டை வழியாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டைக் கீழே வைத்தேன். தானாகத் தின்றது. வாய் வலிக்க வலிக்க, தலையைச் சாய்த்துச் சாய்த்து, முழுவதையும் தின்றது. அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். நான் அத்தைக்குப் போன் செய்தேன், அவள் எடுக்கவில்லை. அதனால் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இடது கண் திறந்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது, இனி பார்வை வராது. பின்னங்காலை இன்னும் இழுத்துத்தான் வைக்கிறது.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தால் என்னையும் விசாரிப்பார்கள் என்று அரசு வக்கீல் சொன்னார். நீங்கள் ஓடிவிடவில்லை, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டீர்கள் என்று நான் சொல்வேன். அதனால் உங்களுக்குத் தண்டனை குறையுமோ என்னவோ, தெரியாது. எனக்கு அதைச் சொல்ல வேண்டும்.

சுகுணா

•

தளி
4.2.2025

சுகுணா அவர்களுக்கு,

அப்படிச் சொல்லாதீர்கள். கோர்ட்டில் அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள்.

நான் பக்கத்தில் இல்லை.

முந்தின நாள் இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கிவிட்டு வந்து படுத்தேன். நாலு மணிக்கு டிராவல்ஸ் முதலாளி போன் செய்தார். "காலை ட்ரிப்புக்கு ஆள் வரல, நீயே எடுத்துரு" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. வேன் காலியாகத்தான் போனது, முதல் ஸ்டாப்புக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது. பனி. கண் அசந்துவிட்டது. திறந்தபோது முன்னால் மொபெட். பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறங்கினேன். உங்கள் அம்மா கிடந்ததைப் பார்த்தேன். பத்தடி தூரம். அந்தப் பத்தடியை நான் போகவில்லை. ரோட்டோரத் தைலத்தோப்புக்குள் ஓடினேன். ஜனம் கூடினால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயம். மரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பூனை கத்துவது அங்கே வரைக்கும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாயின் டெம்போ நின்று, இன்னும் ஆட்கள் வந்த பிறகு, போனில் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டு தோப்பில் இருந்து வெளியே வந்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல சிக்னல் தேடிப் போனதாகச் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

அம்மா என்னிடம் எதுவும் பேசவில்லை. ஏதாவது பேசினாரா என்றே எனக்குத் தெரியாது.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் எழுதிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். நீங்கள் பூனை தின்றதைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

இந்தக் கடிதத்தை ஸ்டேஷனில் கொடுத்தாலும் சரி. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கா. மணிவேல்

•

உத்தனப்பள்ளி
10.2.2025

மணிவேலுக்கு,

நைட் ஷிப்ட் என்று எழுதியது நான். கூட வரச் சொல்லி எழுப்பினாள், நான் எழவில்லை என்று எழுதியது நான். அதையெல்லாம் எடுத்து என் அம்மா வாயில் வைத்து எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

அம்மாவை இடித்தது தூக்கத்தில். இதை விழித்துக்கொண்டு செய்தீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

சுகுணா

•

உத்தனப்பள்ளி
30.6.2025

மணிவேல் அவர்களுக்கு,

இதைச் சிறை விலாசத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் மனைவியிடம் கேட்டு வாங்கினேன்.

பன்னிரண்டாம் தேதி நான் கோர்ட்டில் பின்வரிசையில் இருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "ஆமாங்கய்யா. தூங்கிட்டேன். இடிச்சுட்டு ஓடிட்டேன். அந்தம்மா பேர்ல எந்தத் தப்பும் இல்லைங்க" என்றீர்கள். உங்கள் வக்கீல் பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு வருஷம் என்று சொன்னதும் நீங்கள் கும்பிட்டீர்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் அருணா அக்கா உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். விலாசம் கேட்டது அப்புறம் ஒரு நாள், போனில்.

உங்கள் பிப்ரவரி கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் மேல் இரக்கம் இல்லை. அந்தக் கடிதத்தில் அம்மா தனியாகக் கிடந்தாள் என்று இருக்கிறது. அதை நாலு பேர் எடுத்துப் படிப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

பூனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் அதைக் கூடையில் போட்டு பஸ் ஏறி ராயக்கோட்டைக்குப் போனேன். "அம்மா இதைப் பார்த்துக்கச் சொல்லவே இல்லை பாய், நீங்களே வச்சுக்குங்க" என்று அவர் மண்டியில் வைத்துவிட்டு அழுதேன். லோடு இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பாய் என்னைத் தக்காளி கிரேட் மேல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அன்று நடந்ததை முதலில் இருந்து சொல்லச் சொன்னேன். நவம்பரில் நான் சரியாகக் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அவர் சொன்னது இதுதான். "நான் போகும்போது கண்ணு தொறந்துதாம்மா இருந்துச்சு. ஆனா ஆளப் பாக்கல. தலைய எம் மடியில வச்சேன். அந்தப் பக்கம் பூன கத்துது. இவங்களுக்குக் காதுல விழுதோ என்னமோன்னு, பூன நல்லா இருக்குதும்மா, நான் பாத்துக்கறேன், பயப்படாதீங்கன்னேன். யாரு எவருன்னு தெரியாதில்ல, அதனால தமிழ்ல ஒருவாட்டி சொன்னேன், கன்னடத்துல ஒருவாட்டி சொன்னேன், தெலுங்குலயும் சொன்னேன். கேட்டுச்சான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் கன்னடம்தான் பேசுவோம். அன்று அம்மா என்னை எழுப்பியதும் கன்னடத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதினேன்.

பூனையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது அங்கே நன்றாகத்தான் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டதாம், மூட்டை மேல் ஏறித் தூங்கியதாம். எனக்குத்தான் முடியவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து சும்மா கிடந்த சிரிஞ்சைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இரண்டு கிலோ எண்ணூறு. லேசாக நொண்டுகிறது. பீரோ மேல் ஏறுகிறது, இறங்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிறது. இனி மாதம் ஒரு முறைகூட வர வேண்டாம், நன்றாகத் தேறிவிட்டது என்று டாக்டரம்மா சீட்டை முடித்துவிட்டார். நல்ல செய்திதான். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இனி அங்கே யாரும் அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள்.

உங்கள் பொய்யை நம்பிய அந்த ஆறு வாரம் நான் தூங்கினேன். இப்போது மறுபடியும் தூக்கம் இல்லை. உண்மை தெரிந்ததற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அத்தை சொல்கிறாள். அவள் நன்றாகத் தூங்குகிறாள். மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். வரவில்லை. வராததை எழுத எனக்கு விருப்பம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண் திறந்தபோது முன்னால் மொபெட் இருந்தது என்று எழுதினீர்களே. அந்த ஒரு நொடி நீங்கள் அம்மாவைப் பார்த்திருக்கிறீர்கள். அடிபடுவதற்கு முன்னால் அவளைக் கடைசியாகப் பார்த்த ஆள் நீங்கள். என்ன பார்த்தீர்கள்? பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கூட ஒரு வார்த்தை சேர்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

சுகுணா

•

சேலம்
14.7.2025

சுகுணா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் போன வாரமே வந்தது. இங்கே அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் எதையும் வெளியே அனுப்புவார்கள், படிக்கட்டும்.

இதை நான் வக்கீலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அம்மா மேல் பழியைத் திருப்பியிருப்பார். அருணாவிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு இதைப் படிக்க வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

அம்மா பச்சை சேலை கட்டியிருந்தார். மேலே ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு பழுப்பு ஸ்வெட்டர். ரோட்டின் இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். வேன் உயரத்தில் இருந்து கூடை அவர் காலுக்கு முன்னால் தெரிந்தது. வலது கையால் வண்டியைப் பிடித்திருந்தார். இடது கை கூடைக்குள் இருந்தது. உள்ளே விட்டுத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

தலையைக் குனிந்திருந்தார். முகத்தை நான் பார்க்கவில்லை. பூனையிடம் ஏதாவது பேசிக்கொண்டிருந்தாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது.

மணிவேல்